விளக்குப் போட்ட அறையின் இருட்டு

எங்கள் தொடர்மாடியில் ஒரு அக்கா இருக்கிறார். ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. பொதி கட்டும் ஆலை ஒன்றில் காலை 7 மணிக்கு வேலை. ஆனி, ஆடி மாதங்களில் அவரைத் தேடிப் போகத் தேவையில்லை. பல்கனியில் மிளகாய்க் கன்றுகளோடும் கறிவேப்பிலைச் சாடியோடும் கதைத்துக்கொண்டு நிற்பார், கீழே போகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். தை மாதத்தில் அதே அக்காவை லிஃப்டுக்குள் கண்டால் தலையை மட்டும் அசைப்பார். போன தையில் நானாகத்தான் கேட்டேன், என்னக்கா சுகமில்லையோ என்று.

"ஒண்டுமில்லைத் தம்பி. போகேக்கையும் இருட்டு, வரேக்கையும் இருட்டு. சனிக்கிழமை பகல் 11 மணி மட்டும் படுத்தாலும் நித்திரை கொண்ட மாதிரி இல்லை. பாணையும் சோத்தையும் கண்டால் கை நிக்குதில்லை. ஒண்டிலையும் மனம் போகுதில்லை. எல்லாம் இந்தக் குளிராலதான்."

அந்த ஐந்தாறு வசனங்களில் ஒரு மருத்துவப் பாடநூலின் பக்கமே அடங்கியிருந்தது. வழக்கமான மனச்சோர்வில் பலருக்கு நித்திரை போய்விடும், சாப்பாடும் இறங்காது. பருவகால மனச்சோர்வு பெரும்பாலும் நேர்மாறாக வரும்: நித்திரை கூடும், மாப்பொருள் உணவில் ஆசை கூடும், நிறை ஏறும், கைகால் ஈயம்போலக் கனக்கும். இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தத்தில் தானாக விலகும். அடுத்த வருடம் அதே மாதம் திரும்பி வரும். அக்கா சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் பிழை. குற்றவாளி குளிர் இல்லை. அவர் தொடக்கத்திலேயே குற்றவாளியைக் காட்டிவிட்டு, கடைசி வசனத்தில் வேறொருவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்.

எங்கள் ஆட்கள் இந்தப் பிழையை விடுவதற்கு நியாயமான காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றே கூடிய வித்தியாசம்தான். சென்னையில் ஒன்றரை மணித்தியாலம். தமிழில் ஆறு பருவங்களுக்குப் பெயர் இருக்கிறது: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். மழைக்கும் வாடைக்கும் பனிக்கும் வெயிலுக்கும் பெயர் வைத்தவர்கள், இருட்டுக்கு ஒரு பருவத்தை ஒதுக்கவில்லை. ஒதுக்க வேண்டிய தேவை அந்த மண்ணில் வரவில்லை. ரொறன்ரோவிலோ ஆனி மாதப் பகல் பதினைந்தரை மணித்தியாலத்துக்குக் கிட்ட நீள்கிறது, மிகக் குறுகிய மார்கழிப் பகல் ஒன்பதைத் தொடுவதில்லை. டிசம்பரில் மாலை 4.40க்குச் சூரியன் மறைந்துவிடும். ஜனவரி தொடக்கத்தில் காலை 7.50 ஆனால்தான் உதிக்கும். குளிருக்குக் கோட்டு வாங்குகிறோம், சப்பாத்து வாங்குகிறோம். இருட்டுக்கு என்ன வாங்குவது என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

இருட்டு மனிதர்களை என்ன செய்யும் என்பதை மிகக் கொடுமையான முறையில் கண்டவர்கள் பெல்ஜிக்கா என்ற கப்பலில் இருந்தவர்கள். 1897இல் அன்ட்வேர்ப் துறைமுகத்திலிருந்து அட்ரியன் டி ஜெர்லாஷின் தலைமையில் புறப்பட்ட அந்தக் கப்பல், அடுத்த வருடம் மார்ச் மாதமளவில் அந்தாட்டிக்காவின் கடற்பனிக்குள் இறுகிப்போனது. பின்னாளில் தென்துருவத்தை முதலில் அடைந்த ருவால் அமுண்ட்சனும் அதில் இருந்தார். 1898 மே மாதத்தின் நடுவில் மறைந்த சூரியன், ஏறத்தாழ 70 நாட்களுக்குத் தலைகாட்டவில்லை. ஆட்களின் முகம் வெளிறியது. நாடி தடுமாறியது. பேச்சு நின்றது. எமில் டங்கோ என்ற இளம் அதிகாரி ஜூன் மாதம் இறந்தார். மனநிலை பிசகியவர்களும் உண்டு.

கப்பலின் மருத்துவர் பிரெடெரிக் குக் ஒரு அமெரிக்கர். முன்னர் கிரீன்லாந்தில் துருவ இரவைக் கண்டவர். அவர் ஒரு விசித்திரமான வைத்தியத்தைத் தொடங்கினார். மோசமாக இருந்தவர்களை உடுப்பைக் களையச் சொல்லி, எரியும் அடுப்பின் முன்னால் நாளுக்கு ஒரு மணித்தியாலம்போல நிற்கவைத்தார். கூடவே பெங்குவின் இறைச்சியையும் கடல்நாய் இறைச்சியையும் கட்டாயப்படுத்தி உண்ண வைத்தார். அவர்களைத் தேற்றியதில் பெரும்பங்கு அந்தப் பச்சை இறைச்சிக்குத்தான் சேரும், ஏனென்றால் அவர்களுக்கு ஸ்கேர்வி என்ற உயிர்ச்சத்துக் குறைபாட்டு நோயும் இருந்தது. அடுப்பின் வெளிச்சம் சூரியனுக்கு ஈடாகாது. ஆனால் சூரியன் போனதும் மனிதனுக்குள்ளேயும் ஏதோ அணைகிறது, அந்த இடத்தில் வெளிச்சத்தைத்தான் வைக்க வேண்டும் என்று யோசித்தாரே, அந்த யோசனையை நான் மதிக்கிறேன். அதை ஒருவர் ஒழுங்காகச் சோதித்துப் பார்ப்பதற்கு மேலும் எண்பது வருடங்கள் எடுத்தன.

சோதனைக்கு வழி திறந்தவர் ஒரு நோயாளி. ஹேர்பட் கேர்ன் என்ற பொறியியலாளர், தன் மனம் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று வருடக்கணக்காகக் குறிப்பெழுதி வந்தார். அந்த எழுத்துகளைச் சேர்த்துப் பார்த்தபோது அவருக்கே தெளிவாகத் தெரிந்தது: பகல் குறையக் குறைய அவர் இறங்குகிறார், பகல் நீள நீள ஏறுகிறார். இந்த நேரத்தில் அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிலையத்தில் அல்பிரட் லூயி என்ற மருத்துவர் மெலடோனினை ஆராய்ந்துகொண்டிருந்தார். மெலடோனின் இரவில் மட்டும் மூளையிலுள்ள பீனியல் சுரப்பி சுரக்கும் ஹோர்மோன். இப்போது இரவு என்று உடலுக்குச் சொல்லும் தூதன். விலங்குகளில் வெளிச்சம் பட்டதும் மெலடோனின் நின்றுவிடும், மனிதருக்கு அப்படி நிற்பதில்லை என்றே அதுவரை நம்பியிருந்தார்கள். லூயி ஆட்களைச் சாமம் 2 மணிக்கு எழுப்பி, இரண்டு மணித்தியாலம் வெளிச்சத்தின் முன்னால் இருத்திப் பார்த்தார். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் என்ற அலகில், நன்றாக விளக்குப் போட்ட அலுவலக அறையைப் போன்ற 500 லக்ஸ் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. 2,500 லக்ஸ் மெலடோனினை அமுக்கியது. மனித மூளைக்கும் வெளிச்சம் எட்டுகிறது, ஆனால் எட்டுவதற்கு நினைத்ததைவிடப் பல மடங்கு வேண்டும் என்று அப்போது முடிவெடுத்தார்கள். 1980இல் இது வெளியானது.

கேர்ன் அந்த ஆய்வாளர்களிடம் வந்தார். அவருக்கு வயது 63. டிசம்பரில் அவர் அடிமட்டத்தில் கிடந்தபோது, காலை 6 முதல் 9 வரையும், மாலை 4 முதல் 7 வரையும் 2,000 லக்ஸ் வெளிச்சத்தின் முன்னால் அவரை இருக்கவைத்தார்கள். மார்கழிப் பகலின் இரண்டு நுனியையும் இழுத்து வசந்தகாலப் பகலாக்கினார்கள் என்று சொல்லலாம். நான்கு நாட்களில் அவர் எழும்பத் தொடங்கினார். வெளியே குளிர் அப்படியே இருந்தது. இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகப் பிடித்தது அடுத்த செய்திதான்: 1982இல் அந்த ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது லூயியின் பெயருக்கு அடுத்ததாக, ஆசிரியர்களில் ஒருவராக, நோயாளி கேர்னின் பெயரும் இருந்தது.

அதே கட்டுரையில் நோர்மன் ரோசன்தாலின் பெயரும் உண்டு. அவர் தென்னாபிரிக்காவின் ஜோகன்னஸ்பேர்க்கிலிருந்து 1976இல் நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்த மருத்துவர். வெயிலூரில் பிறந்தவர், வடக்கின் குளிர்காலம் வந்ததும் தன் வேகம் குறைவதைத் தன்னிலேயே கண்டார். இங்கே பிறந்தவர்களுக்கு அது பழகிப்போன சலிப்பு. வெளியிலிருந்து வந்தவருக்கு அது கேள்வி. 1984இல் அவரும் கூட்டாளிகளும் 29 நோயாளிகளை விவரித்து எழுதிய கட்டுரையில்தான் பருவகால மனச்சோர்வு என்ற பெயர் மருத்துவத்துக்குள் வந்தது.

500 லக்ஸ், 2,500 லக்ஸ் என்று சொல்லிக்கொண்டு போகிறேன். அது எவ்வளவு என்று எனக்கும் கையில் பிடிபடவில்லை. அதனால் கைபேசியில் வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, ஒரு மாசிக் காலையில் வீடு முழுக்க அளந்தேன். கைபேசி அளவு துல்லியமில்லைத்தான், ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். குசினி மேசையில், எல்லா விளக்கும் எரிய, தேநீர்க் கோப்பைக்கு மேலே கண்மட்டத்தில் பிடித்தேன்: 140. விறாந்தையில், தொலைக்காட்சிக்கு எதிரே இருக்கும் கதிரையில்: 60. யன்னல் கண்ணாடியோடு ஒட்டி நின்றபோது ஆயிரத்தைத் தாண்டியது. பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். முகில் மூடிய, சாம்பல் நிறமான, ஒருவரும் அழகென்று சொல்லாத காலை. 8,000. இரண்டு நாள் கழித்து வெயில் எறித்தபோது, நிலம் முழுக்கப் புதுப் பனி கிடக்க, அதே இடத்தில் 60,000ஐத் தாண்டியது. புதுப்பனி தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் திருப்பி எறிந்துவிடும்.

140க்கும் 8,000க்கும் இடையில் ஐம்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். என் கண்ணுக்கு அப்படித் தெரியவே இல்லை. குசினியும் எனக்கு வெளிச்சமாகத்தான் இருந்தது. பார்வையின் கெட்டித்தனம் அது: கண்மணி சுருங்கி விரியும், விழித்திரை தன் கூருணர்வைக் கூட்டிக் குறைக்கும், மெழுகுவர்த்தியிலும் நண்பகலிலும் அதே புத்தகத்தை எங்களால் வாசிக்க முடியும். ஆனால் அதே கண்ணுக்குள் இன்னொரு கண் இருக்கிறது. அது இந்தச் சமாளிப்பில் சேராது.

பாடசாலையில் விழித்திரையில் இரண்டு வகைக் கலங்கள்தான் வெளிச்சத்தை உணரும் என்று படித்தோம்: கோல்கள், கூம்புகள். 1998இல் இக்னாசியோ புரொவென்சியோவும் கூட்டாளிகளும் தவளையின் தோலில், வெளிச்சம் பட்டால் நிறம் மாற்றும் கலங்களில், மெலனொப்சின் என்ற புதிய ஒளிப்பொருளைக் கண்டார்கள். பிறகு அதை மனித விழித்திரையிலும் கண்டார்கள். 2002இல் பிரவுன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பேர்சனின் ஆய்வுகூடம், விழித்திரையில் மூன்றாவது வகை ஒளியுணர் கலம் இருப்பதைக் காட்டியது. எண்ணிக்கையில் மிகக் குறைவு. உருவங்களை வரைவது அதன் முதல் வேலையில்லை. எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரமாக என்று கணக்குப் பிடிப்பதுதான் அதன் பணி. வானத்தின் நீலம்தான் அதை அதிகம் எழுப்பும். பார்வை முற்றாக இழந்த சிலருக்குக்கூட இந்தக் கலங்கள் உயிரோடிருப்பதால், அவர்களின் உடலுக்குப் பகலும் இரவும் தெரிகிறது.

இந்தக் கலங்களின் நரம்பு போய்ச் சேருமிடம் மூளையின் அடிப்பாகத்தில், இரு பார்வை நரம்புகளும் குறுக்கறுக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் ஒரு சிறு கலக் கூட்டம். ஏறத்தாழ 20,000 நரம்புக் கலங்கள். உடலின் மணிக்கூடு அதுதான். எப்போது நித்திரை வரவேண்டும், உடற்சூடு எப்போது இறங்க வேண்டும், மெலடோனின் எப்போது தொடங்கி எப்போது நிற்க வேண்டும் எல்லாம் அங்கிருந்துதான் தீர்மானமாகிறது. ஆனால் அந்த மணிக்கூடு சரியாக 24 மணித்தியாலம் ஓடுவதில்லை. ஹார்வட்டில் சார்ள்ஸ் சைஸ்லரின் குழு 1999இல் அளந்தபோது, சராசரி 24 மணித்தியாலம் 11 நிமிடம் என்று வந்தது. அதாவது ஒவ்வொரு நாளும் யாரோ அதை 11 நிமிடம் முன்னுக்குத் தள்ள வேண்டும். தள்ளுவது காலை வெளிச்சம். மார்கழியில் அந்தக் கை பிந்தி வருகிறது, அல்லது வருவதேயில்லை. அலாரம் 5.30 என்று அடிக்கும்போது உள்மணிக்கூடு இன்னும் நடுச்சாமத்தில் நிற்கிறது. அக்காவின் உடல் வேலைக்குப் போய்விட்டது, மூளை இன்னும் கட்டிலில் கிடக்கிறது. பருவகால மனச்சோர்வு உள்ள பெரும்பாலானவர்களில் மணிக்கூடு இப்படிப் பின்தங்கி நிற்கிறது என்பதுதான் லூயி பின்னாளில் வாதிட்ட விளக்கம்.

இது முழு விளக்கம் என்று நான் எழுதினால் அது நேர்மையில்லை. செரடோனின் என்ற மூளை இரசாயனத்துக்கும் இதில் பங்கு உண்டு. அவுஸ்திரேலியாவில் 101 ஆண்களின் கழுத்து நாளத்திலிருந்து இரத்தம் எடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு, மூளையில் செரடோனின் உருவாகும் வேகம் குளிர்காலத்தில் மிகக் குறைவு என்றும், அன்றைய நாளின் வெயில் நேரத்தோடு அது ஏறி இறங்குகிறது என்றும் 2002இல் காட்டியது. மணிக்கூடும் செரடோனினும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது இன்னும் அவிழ்ந்துகொண்டிருக்கும் முடிச்சு. ஆனால் இரண்டு நூலையும் பிடித்துக்கொண்டு போனால் வெளிச்சத்தில்தான் போய் நிற்கிறோம்.

அக்காவுக்கு நான் சொன்னது மிக எளிய விஷயம். காலை எழும்பிய ஒரு மணித்தியாலத்துக்குள், 10,000 லக்ஸ் தரும் விளக்குப் பெட்டியின் முன்னால் அரை மணித்தியாலம். விளக்கை நேரே உற்றுப் பார்க்கத் தேவையில்லை. முகத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில், ஒரு முழத்துக்குள் இருந்தால் போதும். அந்தத் தூரம் முக்கியம். பெட்டியில் 10,000 என்று எழுதியிருக்கும், எத்தனை சென்டிமீட்டரில் என்பது பொடி எழுத்தில் இருக்கும். இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் வெளிச்சம் கால்பங்குக்குக் கிட்டப் போய்விடும். புறஊதாக் கதிரை வடிகட்டியதா என்று பார்த்து வாங்க வேண்டும். மாலையில் போடக்கூடாது, போட்டால் பின்தங்கிய மணிக்கூடு இன்னும் பின்னுக்குப் போகும். கண்நோய் உள்ளவர்களும், வெளிச்சத்துக்குத் தோலைக் கூசவைக்கும் மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. இருமுனை மனநோய் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கேர்னுக்கே அந்த நோய்தான், அப்படிப்பட்டவர்களை வெளிச்சம் சில வேளை அளவுக்கு மீறி ஏற்றிவிடும்.

விளக்கு என்ன பெரிய மருந்தா என்று கேட்பவர்கள் உண்டு. கனடாவில் 96 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு உண்மையான வெளிச்சமும் வெறும் குளிசையும், மறுபகுதிக்குப் போலி வெளிச்சமும் மனச்சோர்வுக்கான ஃபுளுவொக்செட்டின் குளிசையும் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2006இல் வெளிவந்த முடிவில் இரண்டு பக்கமும் 67 வீதத்தினர் தேறியிருந்தார்கள்.

எங்கள் வீடுகளில் இந்தப் பேச்சு எடுத்தாலே விற்றமின் டி வந்துவிடும். குளிர்காலத்தில் இந்த அகலக்கோட்டில் சூரியன் சரிந்து நிற்பதால், தோலில் விற்றமின் டி உருவாகப் போதிய கதிர் கிடைப்பதில்லை. கறுத்த தோலுக்கு இன்னும் கூட நேரம் வேண்டும். எங்கள் ஆட்களுக்கு மருத்துவர்கள் அந்தக் குளிசையை எழுதுவது சரி, எலும்புக்கு அது வேண்டும். ஆனால் மனதைத் தூக்குவதற்கு அதை நம்பியிருப்பது வீண். அமெரிக்காவில் 18,000க்கு மேற்பட்டவர்களை ஐந்து வருடத்துக்கு மேல் தொடர்ந்த ஆய்வில், அந்தக் குளிசை மனச்சோர்வைத் தடுக்கவில்லை. விற்றமின் தோலின் விஷயம். இங்கே பேசுவது கண்ணின் விஷயம். முழுக்கை, தொப்பி, கழுத்துத் துணி எல்லாம் சுற்றிக்கொண்டு முகில் மூடிய காலையில் இருபது நிமிடம் நடந்தாலும் கண்ணுக்குரிய பங்கு கிடைத்துவிடும்.

வெளிச்சத்தை முடித்துக்கொண்டு மனதுக்கு வரவேண்டும், ஏனென்றால் வெளிச்சம் மட்டும் போதாது என்று காட்டியவர் ஒருவர் இருக்கிறார். வெர்மொண்ட் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் கெலி ரோஹன், 177 பேரில் ஒரு பகுதிக்கு ஆறு வாரம் விளக்கும், மறுபகுதிக்கு ஆறு வாரம் பேச்சு வழிச் சிகிச்சையும் கொடுத்தார். அந்தக் குளிர்காலத்தில் இரண்டும் சமம். இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது, விளக்குப் பெற்றவர்களில் 46 வீதத்தினருக்குச் சோர்வு திரும்பியிருந்தது. பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் 27 வீதத்தினருக்குத்தான். விளக்கு ஒவ்வொரு காலையும் போட வேண்டிய ஒன்று, பலர் அடுத்த வருடமே அதைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். படித்த பழக்கம் பரணில் ஏறாது. அந்தச் சிகிச்சையில் மந்திரம் ஒன்றும் இல்லை. "குளிர்காலம் வந்தால் நான் முடிஞ்சுபோவன்" என்ற நினைப்பைப் பிடித்து அது மெய்தானா என்று கேட்க வைப்பார்கள். குளிர்காலத்துக்கென்றே செய்யக்கூடிய, மனம் விரும்பும் காரியங்களை வார அட்டவணையில் எழுதி வைத்துச் செய்ய வைப்பார்கள்.

நோர்வேயின் ட்ரொம்சோ நகரத்தில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. அங்கே 2014இல் தங்கிப் படிக்கப் போன அமெரிக்க உளவியலாளர் காரி லீபோவிட்ஸ், குளிர்காலத்தை அனுபவிக்கக்கூடிய ஒன்றாகப் பார்ப்பவர்கள் மனநிறைவிலும் கூடியிருப்பதைக் கண்டார். எது காரணம், எது விளைவு என்று அதிலிருந்து அறுதியிட முடியாது. ஆனால் அவர்கள் அந்த மாதங்களில் செய்வதைப் பார்க்கலாம்: விளக்குக் கம்பங்கள் நட்ட பனிப்பாதைகளில் இரவிலும் சறுக்கப் போகிறார்கள், யன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், வீட்டுக்கு ஆட்களைக் கூப்பிடுகிறார்கள். அதற்கும் வடக்கே, ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் வேலைக்குப் போன யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் அந்த இரவுகளைக் கடந்திருக்கிறார்கள்.

ரியூக்கன் என்ற இன்னொரு நோர்வே ஊரில், மலை மறைப்பதால் செப்டெம்பர் முடிவிலிருந்து மார்ச்வரை பள்ளத்தாக்குக்கு வெயில் விழாது. 1928இல் அங்கிருந்த தொழிற்சாலைக் கம்பனி, ஆட்கள் மேலே போய் வெயிலைக் கண்டு வருவதற்கென்றே கம்பிவட ஊர்தி கட்டிக் கொடுத்தது. 2013இல் ஊரார் 450 மீற்றர் உயரத்தில், சூரியனோடு சேர்ந்து திரும்பும் மூன்று கண்ணாடிகளை நிறுத்தி, சந்தைச் சதுக்கத்தில் 600 சதுர மீற்றருக்கு வெயிலைக் கீழே இறக்கினார்கள். திறந்த அன்று ஊரே அந்த வட்டத்துக்குள் வந்து கூடியது. ஒரு ஊர் தன் மனச்சோர்வைத் தனித்தனி வீட்டுக்குள் பூட்டி வைக்காமல், பொதுவெளியில் தீர்க்கப் பார்த்தது என்பதற்காகவே எனக்கு அந்த ஊர் மேல் ஒரு பற்று.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வாழ்ந்தென்ன என்ற எண்ணம் வந்தால், அது விளக்காலும் நடையாலும் பார்த்துக்கொள்ளும் கட்டம் இல்லை. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். கனடாவில் 988 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். "விசர் எண்டு நினைப்பினம்" என்று பேசாமல் இருந்த ஆட்களை நான் அறிவேன்.

அக்கா விளக்கை வாங்கினார். காலை 5.45க்குக் குசினி மேசையில் அதை ஏற்றி, பக்கத்தில் பிளேன் ரீயை வைத்துக்கொண்டு, அவித்த புட்டைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போடுவதும் வெங்காயம் வெட்டுவதும் எல்லாம் அதன் முன்னால்தான். ஆலையில் 10 மணி இடைவேளைக்கு உள்ளே கதிரையில் இருக்காமல், கோட்டைப் போட்டுக்கொண்டு வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றி நடந்தார். இரண்டாவது கிழமை லிஃப்டுக்குள் அவர்தான் முதலில் கதைத்தார், மகளின் பல்கலைக்கழக அனுமதியைப் பற்றி. மார்ச் தொடக்கத்தில் 6.30 மணி பஸ்ஸுக்கு நிற்கும்போதே வானம் வெளுக்கத் தொடங்க, விளக்கைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

மார்ச் இரண்டாம் ஞாயிறு, வழக்கம்போல மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். திங்கட்கிழமை இரவு கைபேசி அடித்தது.

"தம்பி, வெளிச்சு வந்த காலமையைத் திரும்பவும் இருட்டாக்கிப் போட்டாங்கள். அந்த லைற்றைத் திரும்ப எடுக்கவோ?"

எடுங்கோ அக்கா என்றேன். இன்னும் ஐந்து கிழமை அது குசினி மேசையில் எரிந்தது. சித்திரை வருடப்பிறப்புக் கிட்ட வரும்போதுதான் அந்தப் பஸ் தரிப்பில் 6.30க்கு மறுபடி விடிந்தது. கறிவேப்பிலைச் சாடி இன்னும் உள்ளேதான், யன்னலோரத்தில், இரண்டு புதுத் துளிரோடு நின்றது.